முப்பது அடிக்குள் ஒரு மகாராஜா

ஒரு காட்டில் ஒரு சிங்கத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

இதில் என்ன பெரிய கதை என்று கேட்பீர்கள். உங்களுக்கோ எனக்கோ தொண்டை கட்டினால் மிளகுக் கஷாயம் குடித்துவிட்டு நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். வீட்டில் இருப்பவர்களும் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் இது ராஜா சிங்கம், பெயர் பிடரிவர்மர். அந்தக் காட்டின் சட்டப்படி ராஜாவானவர் தினமும் விடியும் நேரத்தில் மூன்று முறை கர்ஜிக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் மான்கள் ஓடைக்குப் போய்த் தண்ணீர் குடிக்கும். குரங்குகள் மரத்தை விட்டு இறங்கும். தொடர்ந்து மூன்று விடியல் கர்ஜனை கேட்காவிட்டால் அரியணை காலி என்று அர்த்தம். அடுத்து உட்காருவதற்குச் சிறுத்தை புள்ளியார் ஏழு வருஷமாகத் தயாராக இருந்தார். பதவியேற்பு உரையைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

முதல் நாள் விடியலில் பிடரிவர்மர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இன்னொரு தரம் திறந்தார். பூனைக்குட்டி தும்மியதுபோல ஏதோ வந்தது. அவசரமாக வாயை மூடிக்கொண்டு குகைக்குள் போய்விட்டார்.

கரடி வைத்தியர் வந்தார். மகாராஜாவின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தன் மனைவியைப் பணித்துவிட்டுத்தான் உள்ளே எட்டிப் பார்த்தார். தொண்டை நன்றாக வீங்கியிருக்கிறது, பத்து நாள் ஆகும், அதுவரை மூச்சு விடுவதைத் தவிர வேறு எதற்கும் வாயைத் திறக்கக் கூடாது என்றார். அன்றைக்கு மான்கள் உச்சிவெயில் வரை ஓடைக்கரையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றன. இரண்டாம் நாளும் அதே கதைதான். புள்ளியார் தம் உடம்பை நக்கி நக்கிப் பளபளப்பாக்கிக்கொண்டிருக்கிறார் என்று தகவல் வந்தது.

பிடரிவர்மருக்குப் பயம் வந்துவிட்டது. பதவி போவது ஒரு பக்கம் இருக்கட்டும். பதவி போன சிங்கம் தன் சாப்பாட்டைத் தானே துரத்திப் பிடிக்க வேண்டும். அவர் ஓடி எட்டு வருஷமாயிற்று.

மந்திரி நரியார்தான் வழி கண்டுபிடித்தார். இரண்டாம் நாள் மத்தியானம் பருந்துக் கூரியரில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே பலாப்பழக் கொட்டையைவிடப் பெரியதும் பலாப்பழத்தைவிடச் சிறியதுமாக உருண்டையாக ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர். அதன் பெயர் கேளம்மா. "கேளம்மா" என்று கூப்பிட்டால் நெற்றியில் நீல விளக்கு எரியும். சொன்னதைச் செய்யும். அதைவிட முக்கியம், புளூடூத்தில் போனை இணைத்துவிட்டால் போனில் ஓடுவதெல்லாம் ஸ்பீக்கரில் கேட்கும். நரியாரின் போனில் போன வருஷத்து முடிசூட்டு ஆண்டுவிழா வீடியோ இருந்தது. அதில் மகாராஜா கர்ஜித்த கர்ஜனைக்கு இரண்டு முயல்கள் மயங்கி விழுந்திருந்தன.

"நாளைக் காலையில மகாராஜா வாசல்ல நின்னு வாயை மட்டும் திறந்தா போதும்," என்றார் நரியார். "மத்ததை நான் புதருக்குப் பின்னாடியிருந்து பாத்துக்கிறேன்."

ஒத்திகை பார்த்தார்கள். கேளம்மா இனிய குரலில் "நரியார் போனுடன் இணைந்துவிட்டேன்" என்றாள். நரியார் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பொத்தானை அழுத்தினார். குகைக்குள் கர்ஜனை எழுந்தது. பிடரிவர்மருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் குரல் அவ்வளவு நன்றாக இருந்தது என்று அவருக்கே தெரியாது. இருந்த காலத்தில் பாதியைக் கொட்டாவிக்குச் செலவழித்துவிட்டோமே என்று வருத்தப்பட்டார். கர்ஜனைக்குப் பிறகு வீடியோவில் கைதட்டல் வந்தது. அதைக் கேட்டு லேசாகத் தலையும் வணங்கினார்.

அந்தச் சமயம் குகை வாசலில் மனு வரிசை நின்றுகொண்டிருந்தது. வரிசை என்றால் ஒரே ஒருவர்தான், ஓட்டப்பன் என்கிற கிழட்டு ஆமை. மனுவை வாயில் கவ்வியிருப்பவரைத் தின்னக் கூடாது என்பது ராஜாவின் தாத்தா காலத்துச் சட்டம். காட்டில் திடீரென்று மனுக்களே வராமல் போன காரணத்தை ஆராய்ந்தபோது போட்ட சட்டம் அது.

ஓட்டப்பனின் வீடு கீழ்க்குளத்தில் இருந்தது. கூப்பிடு தூரம்தான். ஆனால் ஓட்டப்பன் நாளொன்றுக்கு மூன்று அடி நடப்பார், அவசரமென்றால் நாலு. வந்து சேர ஒரு மழைக்காலமும் இரண்டு கோடைக்காலமும் ஆயின. மகாராஜா சுகமாகக் குளிக்க வேண்டும் என்று ஓடையில் ஒரு பாறையை உருட்டிப் போட்டுத் தண்ணீரைத் தேக்கியிருந்தார்கள். அதனால் கீழ்க்குளத்துக்குத் தண்ணீர் போகவில்லை. பாறையை எடுக்க வேண்டும் என்பதுதான் மனு. வந்து சேர்ந்த பிறகு படிவம் பழையது என்றார்கள். புதுப் படிவம் வாங்கினால் பச்சை மையில் எழுத வேண்டும் என்றார்கள். அப்புறம் போனில் நிரப்பச் சொன்னார்கள். போனில் பதினாறு பக்கம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "சம்மதம்" என்றொரு பொத்தான். ஓட்டப்பன் இரண்டு மாதமாக அதை அழுத்தி அழுத்தி, சம்மதம் என்ற சொல் கண்ணில் பட்டாலே விரல் தானாகப் போகிற நிலைக்கு வந்திருந்தார்.

ஒத்திகை முடிந்ததும் நரியார் போனோடு எங்கேயோ கிளம்பினார். கோழி வாசம் வந்த திசை அது. முப்பது அடி தாண்டியதும் கேளம்மா "இணைப்பு துண்டிக்கப்பட்டது, வேறு கருவிக்குக் காத்திருக்கிறேன்" என்றாள். வாசலில் ஓட்டப்பனின் போன் மினுங்கியது. பக்கத்தில் கேளம்மா இருக்கிறாள், இணைக்கச் சம்மதமா என்று அது கேட்டது. சம்மதம் என்பதைத் தவிர அதில் எதையும் ஓட்டப்பன் படிக்கவில்லை. அழுத்தினார்.

"ஓட்டப்பன் போனுடன் இணைந்துவிட்டேன். இனி இவரையே முதலில் தேடுவேன்," என்றாள் கேளம்மா.

குகைக்குள் படுத்திருந்த பிடரிவர்மர் துள்ளி எழுந்தார். நடந்ததை முழுசாகப் பார்த்த ஒரே ஜீவன் அவர்தான். அந்தக் காட்டில் பேச முடியாத ஒரே ஜீவனும் அவர்தான். நரியார் திரும்பி வந்ததும் மகாராஜா ஸ்பீக்கரைக் காட்டினார், வாசலைக் காட்டினார், கழுத்தை உள்ளே இழுத்து முதுகைக் கூனி ஆமைபோல நாலு எட்டு நடந்தும் காட்டினார். நரியார் எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துவிட்டு வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். எழுதிக் காட்டியிருக்கலாம். ஆனால் எழுத்து மந்திரியின் வேலை என்று பிடரிவர்மர் சின்ன வயதிலேயே அதை விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் விடிந்தது. காடே குகை முன்னால் கூடியிருந்தது. முன் வரிசையில் புள்ளியார் சாணை பிடித்த நகங்களோடு உட்கார்ந்திருந்தார். பிடரிவர்மர் வாசலுக்கு வந்து நின்றார். வால் காலிடுக்கில் போய் ஒளிந்துகொண்டது. அது குளிரினால் என்று மான்கள் நினைத்துக்கொண்டன. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

புதருக்குப் பின்னால் நரியார் பொத்தானை அழுத்தினார். கர்ஜனை ஸ்பீக்கரில் வரவில்லை. அவர் போனிலிருந்தே, கொசு கர்ஜித்ததுபோல வந்தது. நரியார் பதறிப்போய்ப் போனின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அதே நேரம் வரிசையில் நின்ற ஓட்டப்பன், தினமும் செய்கிறபடி, வீட்டிலிருந்து வந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டார். அவர் மனைவி பாசியம்மாள் ஒரு விடியல் விடாமல் அனுப்புவாள். போனில் சத்தமே வரவில்லை. காது மந்தமாகிவிட்டதோ என்று சத்தத்தைக் கடைசி வரை கூட்டினார்.

மகாராஜாவின் திறந்த வாயிலிருந்து காடு அதிரும்படி குரல் புறப்பட்டது.

"என்னங்க, நான்தான். குளத்துல முழங்கால் தண்ணிகூட இல்ல. நமக்கு முழங்காலே இம்புட்டுத்தான், அதுக்கே இல்லன்னா பாத்துக்கங்க. அந்தப் பாறாங்கல்ல எடுங்கன்னு எத்தன தரம் சொல்றது? இந்த ராஜாவுக்குக் கண்ணுதான் இல்லையா, காதுதான் இல்லையா? தின்னுட்டுத் தூங்க ஒரு குகை, குளிக்க ஒரு ஓடை. நாமெல்லாம் செத்தா என்ன, கெடந்தா என்ன. சரி விடுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

பிடரிவர்மர் வாயை மூடுவதா வேண்டாமா என்று தெரியாமல் திறந்தபடியே நின்றார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூட மனசுக்குள் கணக்குப் போட்டார்.

முதலில் அழுதது ஒரு பெண் மான். அப்புறம் காட்டெருமைகள். அந்தக் காட்டில் எந்த ராஜாவும் குடிகளை "என்னங்க" என்று மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. எந்த ராஜாவும் தன்னைத்தானே திட்டிக்கொண்டதில்லை. சாப்பிடலாமா என்று மானைப் பார்த்து யோசித்த ராஜாக்கள் உண்டு. சாப்பிட்டாயா என்று கேட்ட ராஜா இதுவரை பிறக்கவில்லை.

புள்ளியார் எழுந்து நின்றார். "இது ராஜா குரலே இல்ல. ஏதோ பொம்பளைக் குரல்."

"குரல் எதுவா இருந்தா என்னங்க?" என்றது ஒரு கிழட்டு மான். "சொன்னதுல ஏதாவது தப்பிருக்கா?"

புள்ளியார் யோசித்துப் பார்த்தார். ராஜாவுக்குக் கண் இல்லை, காது இல்லை, தின்றுவிட்டுத் தூங்குகிறார் என்பதுதான் அவர் ஏழு வருஷமாக மனப்பாடம் செய்திருந்த உரை. அதையும் ராஜாவே பேசிவிட்டார். ஒருவர் விடாமல் கைதட்டினார்கள். கடைசியில் புள்ளியாரும் தட்ட வேண்டியதாயிற்று.

எல்லாரையும்விட அதிகமாக அழுதவர் ஓட்டப்பன். தன் மனு மகாராஜாவின் மனசை எவ்வளவு தூரம் தொட்டிருந்தால், அவர் தன் வீட்டுக்காரியின் குரலிலேயே பேசுவார் என்று நினைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். யானைகள் அப்போதே போய்ப் பாறையை உருட்டித் தள்ளின. நரியார் இரண்டு மாதம் இழுத்தடித்த மனுவில் ஒரே நிமிஷத்தில் முத்திரை குத்தினார். ஓட்டப்பன் வாயெல்லாம் பல்லாக, ஆமைக்குப் பல் இல்லாவிட்டாலும், வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

நடந்தது நாளைக்கு மூன்று அடிதான். ஆகவே மறுநாள் விடியலிலும் அவர் கேளம்மாவுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தார். நரியார் இணைப்பை விடச் சொன்னார். கேளம்மா "விட்டுவிட்டேன்" என்றாள். அடுத்த நொடியே "ஓட்டப்பன் போனுடன் இணைந்துவிட்டேன்" என்றாள். கூட்டம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதால் மகாராஜா வேறு வழியில்லாமல் போய் வாயைத் திறந்தார். தண்ணீர் வருகிறது, ஆனால் ஒரே கலங்கல், இந்த ஆளுங்களுக்கு எதையும் உருப்படியாகச் செய்யத் தெரியாதா என்று ராஜாவின் வாய் கேட்டது. காடு மெய்மறந்து கேட்டது.

இப்படி ஐந்தாம் நாள் வரை ஓடியது. பிடரிவர்மருக்கு வாயசைப்பு பழகிவிட்டது. "எத்தன தரம் சொல்றது" என்ற இடத்தில் வலது காலைத் தூக்கித் தரையில் அறைவார். ராஜா நம்மில் ஒருவர் என்று பேச்சு பரவியது. அவர் குகையை விட்டு வெளியே வரவே வேண்டியதில்லை, குடிகளே சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் சாப்பாடாக வந்தார்கள் என்று இந்தக் கதையில் சொல்லப்போவதில்லை.

ஆறாம் நாள் கீழ்க்குளம் நிறைந்துவிட்டது. அன்று காலை ராஜாவின் வாய் சொன்னது இவ்வளவுதான்.

"என்னங்க, எல்லாம் நல்லா இருக்கு. ஒரு கொறையும் இல்ல. மெதுவா வாங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ராஜா மாறிவிட்டார் என்றது ஒரு காட்டெருமை. ஒரு குறையும் இல்லையாமே, எங்க காட்டில் வந்து பார்க்கட்டும் என்றது ஒரு முள்ளம்பன்றி. அந்தக் காட்டில்தான் அதுவும் இருந்தது. புள்ளியார் நகங்களைத் திரும்பவும் சாணை பிடிக்க ஆரம்பித்தார்.

பிடரிவர்மர் பெரிதாகக் கவலைப்படவில்லை. அவர் தொண்டை அன்று சாயங்காலமே திறந்துவிட்டது. வைத்தியர் சொன்ன பத்து நாளுக்கு நாலு நாள் முன்னதாகவே குணமாகிவிட்டது. ஏழாம் நாள் விடியலில் ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிவிட்டு, குகைப் பாறைமேல் ஏறி நின்று, உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் திரட்டி ஒரு கர்ஜனை கொடுத்தார். போன வருஷத்து வீடியோவெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அவருக்கே புல்லரித்தது. வாழ்நாளிலேயே அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தார். யாரும் கைதட்டவில்லை. தாய்மார்கள் குட்டிகளின் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"யாருங்க அது, காலங்காத்தால சத்தம் போடறது?" என்று கேட்டது அந்தக் கிழட்டு மான். "எங்க ராஜா எங்க?"

நான்தான் உங்கள் ராஜா, இதுதான் என் சொந்தக் குரல் என்று பிடரிவர்மர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் அதிகமாயிற்று. ராஜா "என்னங்க" என்றல்லவா ஆரம்பிப்பார் என்றார்கள். சாப்பிட்டீங்களா என்று இவர் கேட்கவில்லையே என்றார்கள். இவர் போலி, உண்மையான ராஜாவை உள்ளே அடைத்து வைத்திருக்கிறார் என்று புள்ளியார் எடுத்துக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் சத்தத் தொந்தரவு பற்றி நாற்பத்திரண்டு மனுக்கள் வந்து சேர்ந்தன, எல்லாம் சரியான படிவத்தில், பச்சை மையில். மூன்று விடியலுக்குள் ராஜாவின் உண்மையான குரல் கேட்காவிட்டால் அரியணை காலி என்று முடிவாயிற்று.

எட்டாம் நாள் விடியலில் ஸ்பீக்கரைப் போட்டார்கள். குளத்தில் அல்லி பூத்திருக்கிறது என்று பாசியம்மாள் சந்தோஷமாகச் சொன்னாள். கூட்டத்தில் பாதிப் பேர் பேச்சு முடியும் முன்பே எழுந்து போய்விட்டார்கள். ஒன்பதாம் நாள் அவள் ஒரு தாலாட்டை முணுமுணுத்தாள். புள்ளியார் குகையின் அகலத்தை அளந்து பார்த்துவிட்டுப் போனார்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு விடியல். ஓட்டப்பனும் அதற்குள் இருபது அடி தாண்டிவிட்டார்.

அன்று உச்சிவெயிலில் பிடரிவர்மர் யாரிடமும் சொல்லாமல் எழுந்தார். நரியார் கூட வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினார். எட்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தம் சொந்தக் காலால் ஓடை வரைக்கும் நடந்தார். கரையோரமாகக் கிடந்த பாறைக்குத் தோள் கொடுத்துத் தள்ளினார். நாக்குத் தள்ளியது. தோலும் உரிந்தது. பாறை உருண்டு பழைய இடத்தில் போய் உட்கார்ந்ததும், கீழே போய்க்கொண்டிருந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். மனசு கேட்கவில்லைதான். ஆனால் பசித்தது, திரும்பிவிட்டார்.

பத்தாம் நாள் விடியலில் குகை வாசலில் வந்து நின்று வாயைத் திறந்தார்.

"என்னங்க, நான்தான். வயிறு எரியுதுங்க. யாரோ படுபாவி திரும்பவும் கல்லப் போட்டு அடைச்சிட்டான். அவன் கை வெளங்குமா? அல்லியெல்லாம் வாடிப் போச்சு. இந்த ராஜாவுக்குக் கண்ணுதான் இல்லையா, காதுதான் இல்லையா? இனி யார்கிட்டப் போயிச் சொல்லுவேன்? நீங்க சாப்பிட்டீங்களா?"

கூட்டம் கதறிவிட்டது. எங்க ராஜா வந்துட்டார், எங்க ராஜா வந்துட்டார் என்று மான்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. படுபாவி என்ற சொல் வந்தபோது பிடரிவர்மரின் வாயசைப்பு ஒரு கணம் தடுமாறியது. அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். புள்ளியார் வீட்டுக்குப் போய்ப் பதவியேற்பு உரையை மறப்பதற்கு முயற்சி செய்தார். அந்தப் படுபாவியைப் பிடித்தே தீருவது என்று நரியார் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவும் அங்கேயே அமைக்கப்பட்டது.

கல்லை எடுக்கலாமா என்று யானைகள் கேட்டன. விசாரணை முடியும் வரை யாரும் கல்லைத் தொடக் கூடாது என்றார் நரியார்.

அப்போது ஓட்டப்பன் இருபத்தோராம் அடியில் நின்றுகொண்டிருந்தார். மனைவியின் குரலை மகாராஜாவின் வாயால் கேட்டு முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். வீடு இருந்த திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிக் குகையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அவசரம் என்பதால் நாளைக்கு நாலு அடி வீதம் நடந்து ஆறாவது நாள் வந்து சேர்ந்தார்.

"புதுசா ஒரு மனு குடுக்கணுங்க," என்றார் நரியாரிடம்.

வரிசையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் வரிசையில் நில்லுங்கள் என்றார் நரியார். ஓட்டப்பன் போனை எடுத்து முதல் பக்கத்தின் அடியில் சம்மதம் என்று அழுத்தினார். குகைக்குள் நீல விளக்கு எரிந்தது. பிடரிவர்மர் நிம்மதியாகக் கொட்டாவி விட்டார்.

நீதி: குடிகளின் குறையை மட்டும் முழுசாகத் தீர்த்துவிடாதே. நாளைக் காலையில் பேசுவதற்கு உனக்கு வேறு குரல் கிடையாது.